தோட்டப்புறத்து வானில் பழைய போர் ஜெட்கள்: பார்க்கவும் பாதுகாக்கவும் ஒரு முழு வழிகாட்டி

மலேசியாவின் கெடா மாநிலத்தில் உள்ள பாடாங் செராயிலிருந்து பட்டர்வொர்த் விமானத் தளம் நேர்கோட்டில் 20 கிலோமீட்டர்கூட இல்லை. அதனால் லூனாஸ், பாடாங் செராய், சுங்கைப் பட்டாணி பக்கத்துத் தோட்டங்களில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு ஜெட் இரைச்சல் புதிதல்ல. பால்மரத்துக்கு அடியில் நின்ற நம் பாட்டிமார் அண்ணாந்து பார்த்த விமானங்களில் சில இன்று அருங்காட்சியகங்களில் நிற்கின்றன. பல இரும்புக்கடைக்குப் போய்விட்டன.

பழைய போர் ஜெட் ரசனை என்றால் இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் உள்ள பணக்காரர்களின் பொழுதுபோக்கு என்று பலர் நினைக்கிறார்கள். விமானத்தை வாங்கி, எண்ணெய் ஊற்றிப் பறக்கவைப்பது பணக்காரர் வேலைதான். ஆனால் எந்த விமானம், எப்போது, எங்கே பறந்தது, அதன் கீழே யார் வாழ்ந்தார்கள் என்பதைப் பதிவு செய்ய ஒரு நோட்டுப் புத்தகமும் கைப்பேசியும் போதும். நம் பக்கத்தில் குறைவாக இருப்பது விமானங்கள் அல்ல, இந்தப் பதிவுகள்தான். அதனால் இந்த வழிகாட்டியில் பார்ப்பதற்குச் சமமாகப் பதிவுக்கும் இடம் கொடுத்திருக்கிறேன்.

முதல் படி: நம் வானத்தின் வரிசையைத் தெரிந்துகொள்ளுங்கள்

பட்டர்வொர்த் தளத்தைப் பிரிட்டிஷார் 1941-இல் திறந்தார்கள். 1958-இல் அது ஆஸ்திரேலிய ஆகாயப்படையின் பொறுப்புக்கு வந்தது. அதன்பின் வந்த சேபர் விமானங்கள்தான் இங்கே வெகுகாலம் தங்கிய முதல் பெரிய ஜெட் கூட்டம். அமெரிக்க எஃப்-86 வடிவத்தை எடுத்து, அதில் ரோல்ஸ்-ராய்ஸ் ஏவன் இயந்திரத்தைப் பொருத்தி ஆஸ்திரேலியர்களே கட்டியவை அவை. இயந்திரம் பெரியது என்பதால் மூக்கிலுள்ள காற்றுவாயும் அமெரிக்க சேபரைவிடப் பெரிது. ஆறு இயந்திரத் துப்பாக்கிகளுக்குப் பதிலாக 30 மில்லிமீட்டர் பீரங்கிகள் இரண்டு. மொத்தம் கட்டியதே 112.

1967-இல் மிராஜ் வந்தது. முக்கோண இறக்கை, வாலில் தனிச் சிறு இறக்கை கிடையாது. ஒருமுறை பார்த்தவர் மறக்கமாட்டார். 1988 வரை ஏதோ ஒரு மிராஜ் அணி பட்டர்வொர்த்தில் இருந்துகொண்டே இருந்தது. அந்த ஆண்டில்தான் தளம் மலேசியாவிடம் ஒப்படைக்கப்பட்டது. ஐந்து நாடுகளின் தற்காப்பு ஏற்பாடு 1971-லிருந்து தொடர்வதால், கூட்டுப் பயிற்சி நடக்கும் காலங்களில் இன்றும் வெளிநாட்டு விமானங்கள் வந்துபோகின்றன.

நம் சொந்தப் படையின் கதை இதற்கு இணையாக ஓடுகிறது. கனடாவிலிருந்து வாங்கிய தெபுவான் 1967-இல் வந்தது, மொத்தம் 20. அது குவாந்தான் பக்கத்து விமானம். 1969-இல் ஆஸ்திரேலியா தன் சேபர்களில் பத்தை நமக்கு அன்பளிப்பாகக் கொடுத்தது, பிறகு இன்னும் சில வந்தன. 1975-இல் எஃப்-5இ டைகர் வந்து சேபருக்கு ஓய்வு கொடுத்தது. எண்பதுகளில் ஸ்கைஹாக். அமெரிக்கக் கடற்படையின் 88 பழைய விமானங்களை வாங்கி, அவற்றிலிருந்து 40-ஐ மட்டும் புதுப்பித்து எடுத்தார்கள். 1994 முதல் ஹாக், 1995-இல் மிக்-29, 1997-இல் எட்டு ஹோர்னெட், 2007 முதல் சுகோய்-30. மிக்-29 2017-இல் ஓய்வு பெற்றது. அதன் இயந்திரம் கருப்புப் புகையை இழுத்துக்கொண்டு போகும். அந்த விமானங்களில் வித்தை காட்டிய குழுவுக்கே ஸ்மோக்கி பேண்டிட்ஸ் என்றுதான் பெயர்.

இந்தப் பட்டியலை மனப்பாடம் செய்யத் தேவையில்லை. ஒரு தாளில் ஆண்டுகளை இடப்பக்கம் எழுதி, விமானங்களை வலப்பக்கம் எழுதி, நோட்டுப் புத்தகத்தின் முதல் பக்கத்தில் ஒட்டிவையுங்கள். யாராவது "நான் சின்னப் பிள்ளையா இருந்தப்போ பார்த்த பிளேன்" என்று பேச ஆரம்பித்தால் உடனே புரட்டிப் பார்க்க உதவும்.

இரண்டாம் படி: எண்ணைப் படிக்கப் பழகுங்கள்

விமானத்தின் வகையைச் சொல்பவர் பலர். ஆனால் இந்த விமானம் அதே விமானம்தானா என்று சொல்லவைப்பது அதன் உடலில் எழுதியிருக்கும் எண். மலேசிய ஆகாயப்படையின் எண்முறை மிகவும் எளிது: எம் என்ற எழுத்து, அடுத்து வகை எண், அடுத்து அந்த வகைக்குள் தனி எண். எம் 29 என்றால் எஃப்-5. எம் 32 ஸ்கைஹாக். எம் 34 எம்பி-339 பயிற்சி ஜெட். எம் 40 ஹாக், எம் 43 மிக்-29, எம் 45 ஹோர்னெட், எம் 52 சுகோய். ஆக, எம் 45-03 என்று கண்டால் ஹோர்னெட்டில் மூன்றாவது. இந்த முறைக்கு முந்தைய சேபர்களில் எஃப்எம் என்று தொடங்கி நான்கு இலக்கங்கள் இருக்கும்.

எண்ணைக் குறித்துவைப்பதால் என்ன லாபம்? ஒரு நல்ல உதாரணம் இருக்கிறது. ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் தெமோரா என்ற சிறு ஊரில் பழைய ஜெட்களைப் பறக்கும் நிலையில் வைத்திருக்கும் அருங்காட்சியகம் உண்டு. அங்கே பல ஆண்டுகள் பார்வையாளர்களுக்காகப் பறந்த சேபர் ஏ94-983. அதே விமானம் இடையில் மலேசிய ஆகாயப்படையிலும் பணியாற்றி, எழுபதுகளின் பிற்பகுதியில் ஆஸ்திரேலியாவுக்குத் திரும்பிப் போனது. யாரோ எண்ணைத் தொடர்ந்து குறித்து வந்ததால்தான் இந்தப் பயணம் நமக்குத் தெரிகிறது. நம் தோட்டத்துக்கு மேலே பறந்த ஓர் இரும்புப் பறவை உலகத்தின் வேறு மூலையில் பத்திரமாக இருக்கிறது என்பதைக் கேட்கவே தெம்பாக இருக்கிறது.

மூன்றாம் படி: எங்கே நின்று பார்ப்பது

முதலில் சட்டம். தளத்து வேலியில் துப்பாக்கி ஏந்திய ஆள் படத்துடன் சிவப்புப் பலகை தொங்கும். 1959-ஆம் ஆண்டின் தடைசெய்யப்பட்ட பகுதிகள் சட்டமும் 1972-ஆம் ஆண்டின் அரசாங்க இரகசியச் சட்டமும் விளையாட்டல்ல. வேலி ஓரம் கேமராவைத் தூக்கிக்கொண்டு நிற்காதீர்கள். நண்பர் நின்றார், ஒன்றும் ஆகவில்லை என்ற கதையை நம்பியும் போகாதீர்கள். டிரோன் பற்றி யோசிக்கவே வேண்டாம்.

சரி, வேலியை விட்டால் எங்கே? நம் ஊரிலிருந்தே பார்க்கலாம். ஆனால் தோட்டத்தில் ஒரு சிக்கல் உண்டு: மரம். வளர்ந்த செம்பனைக்குள் நின்றால் தலைக்கு நேர் மேலே ஒரு துண்டு வானம்தான் தெரியும். பழைய மரங்களைச் சாய்த்து மறுநடவு செய்த பகுதியைத் தேடுங்கள். முதல் ஓரிரு ஆண்டுகளுக்குக் கன்றுகள் இடுப்பளவும் தலையளவுமாகத்தான் இருக்கும், அடிவானம் வரை திறந்து கிடக்கும். எந்தத் தோட்டத்தில் எப்போது மறுநடவு என்பது தோட்டத்துக் கிராணிக்கும் லாரி டிரைவருக்கும் தெரியும், கேளுங்கள். உள்ளே போவதற்கு முன் நிர்வாகத்திடமோ ஜாகாவிடமோ (காவலாளி) ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். செம்பனைக் குலை திருட்டு நடக்கும் காலத்தில் பைனாகுலரோடு மோட்டாரில் சுற்றும் ஆளை யாரும் நல்லவிதமாகப் பார்க்கமாட்டார்கள். அப்புறம், மறுநடவுப் பகுதியில் பாம்பு அதிகம். கால்முட்டி வரை பூட்ஸ் போடுங்கள்.

பால்மரம் இன்னும் மிஞ்சியிருக்கும் இடங்களில், ஆண்டின் தொடக்கத்தில் இலை உதிரும் வாரங்கள் நல்ல காலம். கெடாவில் அதே சமயம் மழையும் குறைவு, காலை வானம் தெளிவாக இருக்கும். பள்ளித் திடல், கோயில் திடல், பழைய தோட்டத்துப் பந்துத் திடல் எல்லாமே வசதிதான். ஆண்டு நடுவில் புகைமூட்டம் வந்துவிட்டால் கேமராவை உள்ளே வைத்துவிட்டு வேறு வேலை பாருங்கள்.

பட்டர்வொர்த் ஓடுபாதை வடக்கு தெற்காக ஓடுகிறது. கிழக்கே இருக்கும் நமக்குக் காலை வெயில் முதுகுப் பக்கம், விமானத்தின் நம் பக்கம் வெளிச்சமாகத் தெரியும். மாலையில் எல்லாம் நிழலுருவம். நிழலுருவமும் அடையாளம் காண நல்ல பயிற்சிதான், ஆனால் படம் எடுக்க உதவாது.

சத்தம் கேட்ட திசையில் பார்க்காதீர்கள். ஒலி வினாடிக்கு ஏறக்குறைய 340 மீட்டர்தான் போகும். 5 கிலோமீட்டர் தூரத்தில் பறக்கும் ஜெட்டின் ஓசை உங்களிடம் வந்து சேர 15 வினாடி ஆகும், அதற்குள் அது எங்கோ போயிருக்கும். சத்தத்துக்கு வெகுதூரம் முன்னால் கண்ணை ஓட்டுங்கள். ஒன்றைப் பார்த்தால் இன்னொன்றைத் தேடுங்கள், போர் விமானங்கள் பெரும்பாலும் இரண்டிரண்டாகத்தான் பறக்கும். ஹாக் விமானத்துக்கு ஆஃப்டர்பர்னர் (பின்குழாயில் கூடுதல் எரிபொருளை எரித்து உந்துவிசையைக் கூட்டும் அமைப்பு) கிடையாது, ஒற்றை இயந்திரம், சீறல் மாதிரி ஓர் ஒலி. ஹோர்னெட் இரட்டை இயந்திரம், ஜன்னல் கண்ணாடி அதிரும். சில நாள் கவனித்தாலே காது பழகிவிடும். கைப்பேசியில் பயணி விமானங்களைக் காட்டும் செயலிகளைப் போர் ஜெட்டுக்கு நம்பாதீர்கள், அவை பெரும்பாலும் அதில் தெரியாது.

நான்காம் படி: லங்காவிக்கு ஒரு முறையாவது போங்கள்

நம் பக்கத்திலிருந்து போகக்கூடிய பெரிய விமானக் கண்காட்சி லீமா. 1991-இல் தொடங்கியது, இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை ஒற்றைப்படை ஆண்டில் லங்காவியில் நடக்கும். 2021-இல் கொரோனாவால் நடக்கவில்லை, 2023-லும் 2025-லும் மே மாதத்தில் நடந்தது. வேலியை ஏக்கத்தோடு பார்க்க வேண்டியதில்லை, விமானங்களை அருகில் நின்று சட்டப்படி படம் எடுக்கலாம்.

முதல் சில நாள் வணிகர்களுக்கு, கடைசி நாட்கள் பொதுமக்களுக்கு. கூட்டம் வேண்டாம் என்றால் கண்காட்சிக்கு முந்தைய ஒத்திகை நாட்களில் போய்க் கடற்கரையிலிருந்து பாருங்கள். அதே சாகசம், நுழைவுச்சீட்டு தேவையில்லை. என்னைக் கேட்டால் ஒத்திகைதான் மேல். தங்குமிட விலை கண்காட்சி வாரத்தில் ஏறிவிடும், கோலக்கெடா படகும் நிரம்பிவிடும். முன்கூட்டியே பதிவு செய்யுங்கள். தொப்பி, தண்ணீர், காதடைப்பான் மூன்றும் கட்டாயம், குழந்தைகள் இருந்தால் காதை முழுவதும் மூடும் வகை வாங்குங்கள். 2024 அக்டோபரில் சென்னை மெரினாவில் நடந்த விமான சாகசத்தில் வெயிலும் கூட்டமும் சேர்ந்து உயிர்களையே பறித்தன. நிழலும் தண்ணீரும் இல்லாத இடத்தில் பெரியவர்களை நிற்கவைக்காதீர்கள்.

கேமரா பற்றிச் சுருக்கமாக: ஜெட்டுக்கு ஷட்டர் வேகம் ஆயிரத்தில் ஒரு பங்கு வினாடி அல்லது அதைவிட வேகம். விசிறி சுழலும் விமானத்துக்கும் ஹெலிகாப்டருக்கும் அப்படி வைத்தால் விசிறி உறைந்து பொம்மை போலத் தெரியும், ஷட்டரை இருநூற்றைம்பதில் ஒரு பங்குக்கு இறக்குங்கள். 300 மில்லிமீட்டர் லென்ஸ் இருந்தால் தொடங்கப் போதும். நண்பகலில் தரையிலிருந்து எழும் வெப்ப அலை எந்த விலை உயர்ந்த லென்சையும் தோற்கடித்துவிடும், ஆகவே காலை பத்து மணிக்குள் எடுங்கள்.

ஐந்தாம் படி: பெரியவர்களிடம் கேட்டுப் பதிவு செய்யுங்கள்

முப்பது ஆண்டுகள் ஆஸ்திரேலியர்கள் பட்டர்வொர்த்தில் இருந்தார்கள். அவர்களின் குடும்பங்கள் பினாங்கிலும் பட்டர்வொர்த்திலும் வீடெடுத்து வாழ்ந்தன. தளத்திலும் அந்த வீடுகளிலும் உள்ளூர் மக்கள் பலர் வேலை செய்தார்கள்: சமையல், துப்புரவு, தோட்டவேலை, வாகனம் ஓட்டுவது, பிள்ளை பார்ப்பது. அந்தத் தலைமுறைக்கு இப்போது எழுபது எண்பது வயது. சேபர்களின் படம் ஆஸ்திரேலியாவில் ஆயிரக்கணக்கில் இருக்கிறது. சேபருக்குக் கீழே துணி துவைத்த பாட்டியின் குரல் எங்கேயும் இல்லை.

செய்முறை இதுதான். போகும்போது மூன்று நான்கு விமானங்களின் பக்கவாட்டுப் படத்தை அட்டையில் ஒட்டி எடுத்துப் போங்கள், பெயர் எழுதாதீர்கள். "தாத்தா, நீங்க பார்த்தது மிராஜா?" என்று கேட்டால் தாத்தா ஆமாம் என்றுதான் சொல்வார், உங்களை ஏமாற்ற மனம் வராது. "இதுல எது தாத்தா?" என்று அட்டைகளைப் பரப்பிவைத்துக் கேளுங்கள். முக்கோண இறக்கையைத் தொட்டுக் காட்டினால் அது 1967-க்குப் பிந்திய நினைவு.

ஆண்டைக் கேட்டால் பெரியவர்களுக்குச் சட்டென்று வராது, நிகழ்ச்சியைக் கேளுங்கள். மே 13 கலவரத்துக்கு (1969) முன்னாலா பின்னாலா? பினாங்குப் பாலம் திறந்தபோது பிளேன் இருந்ததா? (பாலம் 1985.) உங்கள் மூத்த பிள்ளை அப்போது பள்ளிக்கூடம் போனதா? தோட்டத்தில் பால்மரம் வெட்டிச் செம்பனை போட்டது அதற்கு முன்னாலா? இப்படி இரண்டு பக்கமும் கட்டினால் நினைவு ஓர் ஐந்தாண்டுக்குள் வந்து நிற்கும்.

கைப்பேசியை மேசைமேல் வையுங்கள், மின்விசிறியை நிறுத்துங்கள், தொலைக்காட்சியை அணைக்கச் சொல்லுங்கள். பதிவு ஆரம்பத்தில் தேதி, இடம், பேசுபவர் பெயர், பதிவு செய்யச் சம்மதம் என்று அவர் வாயாலேயே சொல்லவையுங்கள். பேச்சை இடைமறிக்க வேண்டாம். விமானத்தை விட்டுச் சம்பளம், சீட்டு, கள்ளுக்கடை என்று கதை போனாலும் போகட்டும், விமானம் தானாகத் திரும்பி வரும்.

ஆல்பம் இருந்தால் பார்க்கக் கேளுங்கள். ஒட்டும் பிளாஸ்டிக் தாள் போட்ட பழைய ஆல்பத்திலிருந்து படத்தைப் பிய்க்காதீர்கள், கிழிந்துவிடும். பக்கத்தோடு சேர்த்தே ஸ்கேன் செய்யுங்கள், 600 டிபிஐ போதும். படத்தின் பின்னால் எழுதியிருப்பதையும் எடுங்கள். நெகட்டிவ் பெட்டியைத் திறந்தால் காடி வாசனை வந்தால் அந்த பிலிம் அழியத் தொடங்கிவிட்டது என்று பொருள், அதற்குத்தான் முதலிடம். நம் ஊர் ஈரத்துக்குக் காகிதமும் பிலிமும் தாங்காது. கேமராக் கடையில் விற்கும் ஈரம் உறிஞ்சும் பெட்டி ஒன்று வாங்கிவிடுங்கள், ஊரில் நாலு பேர் சேர்ந்து வாங்கினால் செலவும் தெரியாது.

கோப்புக்குப் பெயர் வைக்கும்போது ஆண்டு, ஊர், விமான வகை, எண் என்ற வரிசையில் வையுங்கள். மூன்று பிரதி: ஒன்று உங்களிடம், ஒன்று வேறு வீட்டில் வன்தட்டில், ஒன்று இணையச் சேமிப்பில். படம் கொடுத்தவருக்கு ஒரு பிரதியை அச்சடித்தே கொடுங்கள்.

ஆறாம் படி: நிற்கும் விமானத்தைப் பராமரிப்பது

ஊர்களில், முகாம் வாசல்களில், அருங்காட்சியகத் திறந்தவெளிகளில் பழைய ஜெட்கள் நிற்கின்றன. பெயிண்ட் பளபளப்பாக இருந்தால் நல்ல நிலையில் இருக்கிறது என்று நினைத்துவிடுவோம். உண்மையில் நோய் உள்ளேதான். அலுமினியத் தகட்டில் எஃகு ஆணி தொடும் இடத்தில் ஈரம் பட்டால் மின்வேதி அரிப்பு தொடங்கும், தகடு வெள்ளைப் பொடியாக உதிரும். மேலே மறுபடி பெயிண்ட் அடித்தால் ஈரம் உள்ளே அடைபட்டு அரிப்பு இன்னும் வேகமாகும்.

தன்னார்வலராக உதவ விரும்பினால் முதலில் உரிமையாளர் யார் என்று கண்டுபிடித்து மலாயில் ஒரு கடிதம் எழுதுங்கள். ஆகாயப்படையாகவோ ஊராட்சி மன்றமாகவோ இருக்கும். தனியாளாக எழுதுவதைவிடப் பள்ளியோ பதிவு பெற்ற சங்கமோ எழுதினால் பதில் வரும் வாய்ப்பு அதிகம். அனுமதி கிடைத்தால் செய்யவேண்டியவை அதிகமில்லை. வயிற்றுப்பக்கம் உள்ள வடிகால் துளைகளை ஈர்க்குச்சியால் குத்தித் திறங்கள், மழைநீர் தேங்குவதுதான் முதல் எதிரி. காற்றுவாயிலும் பின்குழாயிலும் மைனா கூடு கட்டும், குளவியும் கட்டும். வலை அடியுங்கள், ஆனால் காற்று போக வழி விடுங்கள். பறவை எச்சம் அமிலம், பெயிண்டைத் தின்னும். மிதமான சோப்பும் நல்ல தண்ணீரும் கொண்டு கழுவுங்கள், உயர் அழுத்தக் குழாய் வேண்டாம். விமானி அறைக் கண்ணாடி உண்மையில் அக்ரிலிக். வீட்டுக் கண்ணாடி துடைக்கும் அமோனியா திரவம் பட்டால் நுண்ணிய விரிசல் விழுந்து மங்கிவிடும். சக்கரத்தில் எடை தாங்காதபடி முட்டுக் கொடுங்கள்.

தொடக்கூடாதவையும் உண்டு. விமானியை வெளியே வீசும் இருக்கையில் வெடிமருந்து இருக்கும். அதை ஆகாயப்படை நீக்கிவிட்டது என்று எழுத்தில் தெரியும்வரை விமானி அறைக்குள் ஏறாதீர்கள். பழைய கடிகார முகப்புகள் இருட்டில் ஒளிரப் பூசிய ரேடியம் கதிரியக்கம் உள்ளது, பிரேக் பட்டையில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். சுரண்டவோ துளையிடவோ வேண்டாம். இரும்புக்கடையில் விமான இருக்கை மலிவாகக் கிடைக்கிறது என்று யாராவது சொன்னால் அந்தப் பக்கமே போகவேண்டாம்.

ஏழாம் படி: வெளியே போகும்போது

கோலாலம்பூர் சுங்கை பெசி தளம் 2018-இல் மூடப்பட்டதால், அங்கே அருங்காட்சியகம் இருக்கிறது என்று சொல்லும் பழைய பயணக் குறிப்புகளை நம்பிக் கிளம்பாதீர்கள். சிங்கப்பூர் பாயா லேபாரில் உள்ள ஆகாயப்படை அருங்காட்சியகத்தில் ஹண்டரும் ஸ்கைஹாக்கும் உண்டு. பேங்காக் டோன் முவாங்கில் தாய்லாந்து ஆகாயப்படையின் சேகரிப்பு பெரியது. இந்தியாவுக்குக் கோயில் பயணம் போகிறவர்கள் பெங்களூரில் ஒருநாள் கூட்டிக்கொண்டால் எச்ஏஎல் அருங்காட்சியகத்தில் இந்தியா தானே கட்டிய மாருத் ஜெட்டைப் பார்க்கலாம். எங்கே போனாலும் திறந்திருக்கிறதா என்று முந்தைய நாளே கேட்டுக்கொள்ளுங்கள்.

எட்டாம் படி: ஹாக் போவதற்குள்

பழையது என்றால் சேபரும் மிராஜும் மட்டும் என்று நினைத்து, இன்று தலைக்கு மேல் பறப்பதை விட்டுவிடுகிறோம். ஒற்றை இருக்கை ஹாக் 200 வரிசையில் உலகத்திலேயே கட்டியது 62 விமானம். வாங்கிய நாடுகள் மூன்று: ஓமான், இந்தோனேசியா, மலேசியா. நமக்கு வந்தவை 18, அவற்றோடு இரட்டை இருக்கை ஹாக் 108 பத்து. பிரிட்டன்காரர்கள்கூட தங்கள் படையில் பார்க்காத வகை அது. 2023-இல் மலேசியா 18 தென்கொரிய எஃப்ஏ-50 விமானங்களுக்குக் கொள்முதல் ஒப்பந்தம் போட்டுவிட்டது. அவை வர வர ஹாக் குறையும்.

அதனால் நோட்டுப் புத்தகத்தில் எம் 40 என்று தலைப்பிட்டு ஒரு பக்கம் ஒதுக்குங்கள். ஒவ்வொரு முறை பார்க்கும்போதும் தேதி, நேரம், திசை, எத்தனை விமானம், எண் தெரிந்தால் எண், கூடவே நீங்கள் நின்ற இடம். எண் தெரியாவிட்டால் காலியாக விடுங்கள், ஊகித்து நிரப்பாதீர்கள். ஆண்டு முடிவில் அந்தப் பக்கங்களைப் படம் எடுத்து மற்றக் கோப்புகளோடு சேர்த்துவிடுங்கள். எஃப்ஏ-50 பறக்கத் தொடங்கும் நாளிலிருந்து அதற்கும் ஒரு பக்கம் திறக்கலாம்.